ஐஸ் பெட்டியில் வந்த பொட்டாசியம்

அன்பு மக்கள் ஷைனிக்கும் ஆன்றோவுக்கும்,

போன ஞாயிற்றுக்கிழமை ஷைனி மஸ்கட்டிலிருந்து போன் செய்தபோது என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். "அப்பா, எங்க ஐசியூல கட்டில் பக்கத்துலயே வச்சுப் பாக்க மிஷின் ஒண்ணு உண்டு. அது ஒரு பொட்டாசியம் சொல்லுது, லேப்பு வேற பொட்டாசியம் சொல்லுது. எதை நம்பணும்?" நான் வாயைத் திறப்பதற்குள் உங்கள் அம்மா போனைப் பிடுங்கி, "மக்கா, சோறு தின்னியா? மீன் கிடைக்கா அங்க?" என்று தொடங்கிவிட்டாள். அதன் பிறகு அரை மணி நேரம் மீன்தான் ஓடியது. பொட்டாசியத்துக்கு இடம் கிடைக்கவில்லை.

அதனால் எழுதுகிறேன். ஆன்றோ, நீயும் உட்கார்ந்து வாசி. லேப் கோர்ஸில் சேர்ந்து மூன்று மாதம் ஆகவில்லை, அதற்குள் "அப்பா காலத்துல எல்லாம் கைவேலை, இப்பம் எல்லாம் மிஷினாக்கும்" என்று எனக்கே பாடம் நடத்துகிறாய். உன் அப்பா முப்பது வருடம் லேப்பில் நின்றவன். மிஷினை நம்பிக் கெட்டதும் உண்டு, மிஷினை நம்பாமல் கெட்டதும் உண்டு. இது இரண்டாவது வகை.

நான் படித்தது பத்தாம் வகுப்பு. அதன் பிறகு இராஜாக்கமங்கலம் துறையில் ஐஸ் பிளான்டில் இரண்டு வருடம் வேலை. ஐஸ் பாரை உடைத்துப் பொடியாக்கி, பெட்டியில் ஒரு அடுக்கு ஐஸ், ஒரு அடுக்கு மீன், மறுபடி ஒரு அடுக்கு ஐஸ் என்று போட்டு லாரியில் ஏற்ற வேண்டும். எந்த மீனுக்கு எவ்வளவு ஐஸ், எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதெல்லாம் என் கைக்குத் தெரியும். பிறகு நம் பங்குச் சாமியார் ஒருவர் சொல்லி ஒரு வருட லேப் கோர்ஸ். பிறகு நாகர்கோவில் பக்கத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. அங்கேயே ஓய்வு பெறும்வரை. என் படிப்பும் பயிற்சியும் இவ்வளவுதான். ஐஸ் பிளான்டை எதற்குச் சொன்னேன் என்று பின்னால் தெரியும்.

கதை நடந்தது இரண்டாயிரத்துப் பன்னிரண்டில். கரண்ட் கட் காலம். ஷைனி, நீ அப்போது மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பரீட்சைக்குப் படித்தாய், நினைவிருக்கும். எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு ஜெனரேட்டர் உண்டு. அது ஐசியூவுக்கும் தியேட்டருக்கும் ஸ்கேன் அறைக்கும் கரண்ட் கொடுக்கும். லேப்புக்கு ஒரு டியூப் லைட்டும் ஒரு ஃபேனும் மட்டும். காலை ஆறு மணிக்குப் போகும் கரண்ட் சில நாள் பத்துக்கு வரும், சில நாள் பதினொன்றரை ஆகும். அதுவரை எங்கள் பெரிய மிஷின்கள் எல்லாம் துணி போர்த்திக்கொண்டு தூங்கும். நாங்கள் அவற்றின் பக்கத்தில் கொட்டாவி விட்டுக்கொண்டிருப்போம். ரொம்ப அவசரம் என்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, ஸ்கேனை நிறுத்தி, அந்த லைனை லேப்புக்கு மாற்றிப் போட வேண்டும். ஸ்கேன் அறைக்காரர்கள் அதற்கு இரண்டு நாள் எங்களிடம் பேசமாட்டார்கள்.

இந்தத் தொல்லைக்காகத்தான் அந்தப் பெட்டி வந்தது. டிபன் பாக்ஸ் அளவு. பேட்டரியில் ஓடும். ஐசியூவில் நோயாளியின் கட்டில் அருகிலேயே வைத்து, ஒரு சின்னக் கேசட் போன்ற தகட்டில் இரண்டு சொட்டு ரத்தம் விட்டு உள்ளே தள்ளினால், சில நிமிடத்தில் சோடியம், பொட்டாசியம் எல்லாம் திரையில் வந்துவிடும். பதினைந்து நாள் பரிசோதனைக்குத் தந்திருந்தார்கள். பிடித்தால் வாங்கலாம், இல்லாவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம்.

எனக்கு அதைப் பார்த்த மாத்திரத்தில் பிடிக்கவில்லை. காரணம் சொல்ல வெட்கம்தான், ஆனாலும் உங்களிடம் சொல்வதற்கென்ன. ரத்தத்தை எடுத்து, உறைய வைத்து, சென்ட்ரிஃப்யூஜில் சுழற்றி, மேலே தெளியும் மஞ்சள் சீரத்தைப் பிரித்து, மிஷினைச் சரிபார்த்து, பிறகு எண் சொல்கிறவன் நான். இருபத்தைந்து வருடம் அப்படிச் சொல்லியிருக்கிறேன். இந்த டிபன் பாக்ஸ் ஒன்றுமே செய்யாமல் எண் சொல்கிறது.

ஐசியூ பொறுப்பாளர் ஸ்டெல்லா சிஸ்டருக்கு மட்டும் அதன் மேல் அவ்வளவு பிரியம். மார்த்தாண்டத்துக்காரி. வாயைத் திறந்தால் பாட்டு மாதிரிதான் பேச்சு வரும், ஆனால் வரும் வார்த்தையில் முள் இருக்கும்.

"லாரன்சண்ணே, இனி உங்களுக்கு லேப்புல என்ன சோலி? வீட்டுல போய் வலை பின்னலாம்லா."

"பின்னலாம் சிஸ்டர். உங்க டிபன் பாக்ஸ்ல சோறு கொண்டு வந்தா நானும் சாப்பிட வருவேன்."

"சிரியுங்க, சிரியுங்க. கரண்ட் போனா உங்க மிஷின் சவம் மாதிரி கிடக்கு. எனக்க பெட்டி முழிச்சிருக்கு."

ஐசியூ டாக்டர் பெயர் ஞானசிகாமணி. எல்லாருக்கும் ஞானம் டாக்டர். அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ரிசல்ட் பேப்பரை அவர் கையில் வாங்கமாட்டார். "வாய் விட்டுச் சொல்லும்" என்பார். நாம் எண்ணை வாசிக்கும்போது அவர் நோயாளியைப் பார்த்துக்கொண்டிருப்பார். கண்ணாடியைக் கழற்றி அதன் காலால் கட்டில் கம்பியை மெதுவாகத் தட்டுவார். எண் முடிந்ததும் அதைத் திரும்ப ஒருமுறை தானே சொல்வார், கடையில் விலை கேட்டவர் யோசிப்பது போல. நம்மேல் திருப்தி என்றால் "மக்கா" என்று கூப்பிடுவார். கோபம் என்றால் குரல் ஏறாது. "லாரன்ஸ் அவர்களே" என்பார், அவ்வளவுதான். அந்த 'அவர்களே'க்குப் பயந்து டியூட்டி மாற்றிக்கொண்டு ஓடியவர்கள் உண்டு.

பெட்டி வந்த அன்று அவர் என்னிடம் ஒரு தடித்த நோட்டுக் கொடுத்தார். ஸ்கேல் வைத்து அவரே கோடு போட்டிருந்தார். நோயாளியின் பெயர், ரத்தம் எடுத்த நேரம், பெட்டி சொன்னது, லேப் சொன்னது, வித்தியாசம், குறிப்பு. ஆறு கட்டம்.

"பதினஞ்சு நாள். ஐசியூல எடுக்க எல்லா ரத்தமும் ரெண்டாப் போகணும். ரெண்டு சொட்டு பெட்டிக்கு, மிச்சம் உமக்கு. ஒரே கையில எடுத்தது, ஒரே சிரிஞ்சு. ரெண்டு பேரும் என்ன சொல்லுகாங்கன்னு பாப்போம்" என்றார்.

"எடுத்த நேரம் எதுக்கு சார்? தேதி போதாதா?" என்று கேட்டேன்.

"கட்டம் இருக்குல்லா, எழுதிப் போடும்" என்றார்.

ஆன்றோ, உனக்காக ஒரு நிமிடம். ரத்தத்தில் உள்ள உப்புகளில் நம் கதைக்குப் பொட்டாசியம் மட்டும் போதும். அது மூன்றரைக்கும் ஐந்துக்கும் நடுவில் நிற்க வேண்டும். குறைந்தால் தசை எல்லாம் துவளும், இதயம் தாளம் தப்பும். கூடினாலும் தாளம் தப்பும், சில நேரம் நின்றே போகும். குறைந்தவனுக்கு ட்ரிப்பில் கொடுத்தால் உயிர் வரும். குறையாதவனுக்குக் கொடுத்தால் உயிர் போகும். அதனால் அந்த எண் தப்பக் கூடாது.

நான் வேலையை ஒழுங்காகத்தான் செய்தேன். அதுதான் வினை. ஐசியூவில் ஆறரைக்கு ரத்தம் எடுப்பார்கள். கரண்ட் வருவது பத்து, பதினொன்று. சென்ட்ரிஃப்யூஜ் சுற்றாது, சீரத்தைப் பிரிக்க முடியாது. அதுவரை ரத்தம் அப்படியே டியூபில் கிடக்க வேண்டும். சித்திரை வெயில். லேப் ஃபிரிட்ஜும் செத்துக் கிடக்கிறது. இந்தப் புழுக்கத்தில் ரத்தம் கெட்டுப்போய், டிபன் பாக்ஸ் ஜெயித்துவிட்டால்?

கெடாமல் வைக்க எனக்குத் தெரியாதா? உங்கள் மாமா அப்போதும் ஐஸ் பிளான்டில்தான் இருந்தார். தினமும் காலையில் துறைக்குப் போய், ஒரு தெர்மாக்கோல் பெட்டி நிறைய பொடி ஐஸ் வாங்கி பைக்கில் கட்டிக்கொண்டு வருவேன். டியூபுகளைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, கீழே ஒரு அடுக்கு ஐஸ், மேலே ஒரு அடுக்கு ஐஸ். நெய்மீனைக்கூட அவ்வளவு பக்குவமாக வைத்ததில்லை. ஒரு டியூப் கூட உடையவில்லை. யாரும் சொல்லாமல், என் சொந்தச் செலவில், என் சொந்த அக்கறையில் செய்தது. யாரும் சொல்லாததால் யாருக்கும் சரியாகத் தெரியவும் செய்யாது. ஸ்டெல்லா சிஸ்டர் மட்டும் ஒருநாள் லேப் பக்கம் வந்தவள் மூக்கைச் சுளித்தாள்.

"என்ன அண்ணே, லேப்புல சாளை மீன் நாத்தம் அடிக்கு?"

"அது என் உடம்பு வாசம் சிஸ்டர். கடல்புறத்துக்காரன்லா" என்று மழுப்பினேன்.

நாள் செல்லச் செல்ல நோட்டில் ஒரு சங்கதி தெளிவாகத் தெரிந்தது. சோடியம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். பொட்டாசியம் மட்டும் பெட்டியில் குறைவு. சில நேரம் கொஞ்சம், சில நாள் முக்கால், சில நாள் ஒன்று, சில நாள் ஒன்றுக்கும் மேலே. லேப் நாலு புள்ளி எட்டு சொன்னால் பெட்டி மூன்று புள்ளி ஒன்பது சொல்லும். சீரம் எல்லாம் நல்ல மஞ்சளாக இருந்தது. ரத்த அணு உடைந்தால் சீரம் சிவக்கும், பொட்டாசியம் ஏறும், அது எந்த லேப்காரனுக்கும் தெரியும். இங்கே சிவப்பே இல்லை. எனவே தப்பு என்மேல் இல்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வித்தியாசத்தைச் சிவப்பு மையில் எழுதினேன்.

பத்தாம் நாள் ஞானம் டாக்டர் நோட்டைப் புரட்டிப் பார்த்தார். "பெட்டி ஏறக்குறைய ஒண்ணு குறைச்சுச் சொல்லுது போலிருக்கு" என்றார்.

"பின்ன? ரெண்டு சொட்டுல என்னத்தைத் தெரியும் சார்" என்றேன்.

"கொள்ளாம் மக்கா, நோட்டை நல்லா வச்சிருக்கீரு" என்றார். ஸ்டெல்லா சிஸ்டரின் முகம் வாடிவிட்டது. எனக்கு அன்று மத்தியானச் சோறு இரண்டு கை கூடுதலாக இறங்கியது.

பதினான்காம் நாள் காலையில் பூதப்பாண்டியிலிருந்து ஆறுமுகம் என்று ஒரு தவசிப்பிள்ளையைக் கொண்டுவந்தார்கள். கல்யாண வீடுகளில் சமைக்கிறவர். அறுபது வயது இருக்கும். மூன்று நாளாக வயிற்றுப்போக்கும் வாந்தியும். கண் குழிந்து, நாக்கு வறண்டு கிடந்தார். அந்த நிலையிலும் அவர் மனைவி ஐசியூ வாசலில் நின்று சொன்னது இப்போதும் காதில் இருக்கிறது. "ஊரு முழுக்க இவருக்க கையால அவியல் தின்னு நல்லா இருக்கு. இவருக்கு மட்டும் ஓட்டல் புரோட்டா கேட்டிருக்கு. போன எடத்துல தின்னுட்டு வந்து கிடக்காரு."

ஆறரைக்கு ரத்தம் எடுத்தார்கள். பெட்டி சொன்னது இரண்டு ஐந்து. ஸ்டெல்லா சிஸ்டர் உடனே டாக்டரிடம் சொன்னாள். அவர் கட்டில் கம்பியைத் தட்டினார்.

"ரெண்டு அஞ்சு. பெட்டி ஒண்ணு குறைச்சுச் சொல்லும். அப்பம் மூணரை. ஆளு இன்னும் சிறுநீரு போகல. கிட்னி வேலை செய்யாத நேரத்துல பொட்டாசியம் ஏத்தினா நாமளே கொன்னுருவோம். தண்ணி ஏறட்டும். லேப் எண்ணு வரட்டும்."

அவர் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை. அந்த 'ஒண்ணு குறைச்சுச் சொல்லும்' என்பதை அவருக்குப் பதினான்கு நாளாக எழுதிக் கொடுத்தவன் நான். அதுதான் தப்பு.

அன்று கரண்ட் வந்தது பதினொன்றரைக்கு. ஐஸ் பெட்டியிலிருந்து தவசிப்பிள்ளையின் டியூபை எடுத்து, துடைத்து, சுழற்றி, மிஷினில் ஓட்டினேன். மூன்று ஆறு. டாக்டர் கணக்குப் போட்டது அப்படியே வந்திருக்கிறது. பெருமையோடு மாடி ஏறினேன்.

வாசலிலேயே ஸ்டெல்லா சிஸ்டர் பிடித்துக்கொண்டாள். "எத்தனை?"

"மூணு ஆறு. டாக்டர் சொன்னது போலத்தான்."

"அண்ணே, இங்க வாங்க." அவள் குரலில் பாட்டு இல்லை. "நான் இப்பம் பெட்டியில திரும்பவும் பாத்தேன். ரெண்டு மூணு. மானிட்டரைப் பாருங்க, இடைக்கிடைக்கு ஒரு துடிப்பு தப்பி விழுகு. நீங்க உங்க எண்ணை விடுங்க. அவரைத் தலையைத் தூக்கச் சொல்லுங்க."

நான் லேப்காரன். நோயாளியைத் தலை தூக்கச் சொல்வது என் வேலை இல்லை. ஆனாலும் போய் நின்றேன். "அண்ணாச்சி, தலையை ஒண்ணு தூக்குங்க பாப்போம்."

அவர் முயன்றார். கழுத்து நரம்பு புடைத்தது. தலை தலையணையை விட்டு எழும்பவில்லை.

"முடியல தம்பி. காலும் எனக்க கால் மாதிரி இல்ல. கடன் வாங்கின கால் மாதிரி கிடக்கு" என்றார். சிரிக்கப் பார்த்தார். அவருக்குச் சிரிப்பும் முழுசாக வரவில்லை.

பேப்பரில் மூன்று ஆறு. கட்டிலில் இந்த மனிதர். இரண்டில் ஒன்று பொய்.

"சிஸ்டர், ஒரு சிரிஞ்சு குடுங்க. நானே எடுக்கேன்" என்றேன். ட்ரிப் ஏறாத கையில் ரத்தம் எடுத்து, டியூபில் விட்டு, உள்ளங்கையில் பொத்திக்கொண்டு படியில் ஓடினேன். ஐஸ் பெட்டி கீழே லேப்பில் இருந்தது. இல்லாவிட்டால் இதையும் அதில் வைத்திருப்பேன், சத்தியமாக. பாதிப் படியில் உள்ளங்கையில் ஒரு சூடு தெரிந்தது. டியூபின் சூடு. ரத்தம் சூடாகத்தானே இருக்கும், இதில் என்ன அதிசயம் என்று நீங்கள் கேட்கலாம். பதினான்கு நாளாக நான் தொட்ட ஐசியூ டியூபுகளில் முக்கால்வாசி சில்லென்று, மீன் போல இருந்தன.

உறையக் காத்திருந்து, சுழற்றி, ஓட்டினேன். இரண்டு ஐந்து.

போனில் டாக்டரைப் பிடித்து முதலில் எண்ணைச் சொன்னேன். "ரெண்டு அஞ்சு. ரெண்டு அஞ்சு" என்று அவர் திரும்பச் சொல்வது கேட்டது. சிறுநீரும் அப்போது இறங்கத் தொடங்கியிருந்தது. பொட்டாசியம் ட்ரிப்பை, பம்பு வைத்து, மெதுவாக, மானிட்டரைப் பார்த்துக்கொண்டே தொடங்கச் சொன்னார். எண் போய்ச் சேர்ந்தது.

நோட்டை விரித்தேன். இந்த முறை சிவப்பு மையைப் பார்க்கவில்லை. நான் வேண்டாம் என்று சொன்ன அந்த 'எடுத்த நேரம்' கட்டத்தைப் பார்த்தேன். ஆறரைக்கு எடுத்ததெல்லாம் வித்தியாசம் ஒன்று, ஒன்றே கால். எட்டரைக்கு எடுத்தது அரை, முக்கால். பத்தரை, பதினொன்றுக்கு எடுத்து, வந்தவுடன் கரண்டும் வந்து ஓட்டியது வெறும் புள்ளி இரண்டு, புள்ளி மூன்று. சாயங்காலம் எடுத்ததும் அப்படியே. பெட்டி எல்லா நேரமும் ஒரே மாதிரிதான் சொல்லியிருக்கிறது. ஐஸில் எவ்வளவு நேரம் கிடந்ததோ அவ்வளவு ஏறியது என் எண்தான்.

மாடிக்குப் போனேன். ஞானம் டாக்டர் தவசிப்பிள்ளையின் கட்டில் அருகே நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் அவரே சொன்னார். "காலையில மூணு ஆறு, இப்பம் ரெண்டு அஞ்சு. வேகமா இறங்கியிருக்கு. வயித்துப்போக்குல போயிருக்கும். நல்ல வேளை திரும்ப எடுத்தீரு மக்கா."

பாருங்கள் மக்களே, கதவு தானாகத் திறந்து கிடந்தது. நான் தலையாட்டிவிட்டுப் போயிருந்தால் போதும். நோயாளிக்கு மருந்து ஏறுகிறது. எனக்கு 'மக்கா' கிடைத்துவிட்டது. நாளைக்குப் பெட்டி திரும்பிப் போய்விடும். எவனுக்கும் ஒன்றும் தெரியாது. நான் தலையாட்டவும் செய்தேன். பொய் சொல்லமாட்டேன், இரண்டு தடவை ஆட்டினேன். பிறகு திரும்பும்போது அடுத்த கட்டிலில் ஒரு அம்மா கண்ணில் பட்டாள். அவள் ரத்தமும் காலையில் ஆறரைக்கு எடுத்ததுதான். அந்த ரிசல்ட்டும் என் சட்டைப் பையில்தான் இருந்தது.

"சார், இறங்கல" என்றேன்.

"என்ன?"

"காலையிலயும் ரெண்டரைதான் சார் இருந்திருக்கும். மூணு ஆறு பொய்யாக்கும். நான் ரத்தத்தை ஐஸ்ல வச்சிருந்தேன். பதினாலு நாளும்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். கம்பியைத் தட்டவில்லை.

"லாரன்ஸ் அவர்களே, ஐஸ் எங்க இருந்து வந்துது?"

"ராஜாக்கமங்கலம் துறையிலருந்து சார்."

"மீன் பெட்டியிலயா?"

"நல்லாக் கழுவினதாக்கும் சார்."

ஸ்டெல்லா சிஸ்டர் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு திரும்பி நின்றாள். அவள் தோள் குலுங்கியது. "நான் அண்ணைக்கே சொன்னேன்லா, சாளை நாத்தம்னு" என்றாள்.

டாக்டர் சிரிக்கவில்லை. பிறகுதான் விளக்கினார். பொட்டாசியம் அணுவுக்குள்ளேதான் நிறைய இருக்கிறது. வெளியே கசிவதை உள்ளே இழுத்துப் போட ஒவ்வொரு அணுவிலும் ஒரு குட்டிப் பம்பு ஓடுகிறது. குளிரில் அந்தப் பம்பு நின்றுவிடும். அணு உடையாது, சீரம் சிவக்காது, பார்த்தால் ஒன்றும் தெரியாது. பொட்டாசியம் மட்டும் பைய வெளியே கசிந்துகொண்டிருக்கும். சோடியத்தில் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் வராது. நான் பெட்டியை ஒரு கட்சியாகவும் என்னை ஒரு கட்சியாகவும் வைத்துப் பதினான்கு நாள் தேர்தல் நடத்தினேன். நடுவில் ரத்தம் என்ன பாடு பட்டது என்று கேட்கவில்லை.

"நோட்டை நானும் தினசரி பாத்தேன்" என்றார் கடைசியில். "அந்த நேரக் கட்டத்தைக் கோடு போட்டது நான். வாசிக்காம விட்டதும் நான். செரி, உக்காரும். இந்தப் பதினாலு நாள்ல உம்ம எண்ணை வச்சு யாருக்கெல்லாம் என்ன செய்தோம்னு பாக்கணும்."

சாயங்காலம்வரை நானும் அவரும் ஸ்டெல்லா சிஸ்டரும் உட்கார்ந்து ஒவ்வொரு பெயராகப் பார்த்தோம். கர்த்தர் புண்ணியத்தில் பெரிய சேதம் ஒன்றும் இல்லை. பெரும்பாலும் சாதாரண எண் கொஞ்சம் ஏறிய சாதாரண எண்ணாக இருந்தது. அடுத்த கட்டில் அம்மாவுக்கு மட்டும், பொட்டாசியம் கூடிவிட்டது என்று நாலு நாளாக இளநீரும் ஏத்தம்பழமும் விலக்கி, கசப்பாக ஒரு பொடியும் கரைத்துக் கொடுத்திருந்தோம். அவளுக்குப் பொட்டாசியம் கூடியிருக்கவே இல்லை. டாக்டர் போய் அவளிடம் நேரில் சொன்னார். நான் பின்னால் நின்றேன்.

"அப்பம் நான் ஏத்தம்பழம் தின்னலாமா?" என்றாள் அந்த அம்மா.

"தின்னலாம்."

"நாலு நாளா இவரு பேச்சைக் கேட்டா பட்டினி கிடந்தேன்?" என்று என்னை ஒரு பார்வை பார்த்தாள். மறுநாள் ஒரு சீப்பு வாங்கிக் கொடுத்தேன். எண்ணிப் பார்த்துவிட்டு, "ஒண்ணு கன்னிப்போயிருக்கு" என்றாள்.

தவசிப்பிள்ளைக்கு அன்று சாயங்காலமே துடிப்பு ஒழுங்காயிற்று. மறுநாள் தலையைத் தூக்கினார். மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்து, ஆஸ்பத்திரிக் கஞ்சியில் உப்பு இல்லை என்று சண்டை போட்டார். அப்போது என்னைப் பார்த்து, "லேப்பு தம்பி, அண்ணைக்கு எதுக்கு என்னை ரெண்டாந்தடவை குத்தினீரு?" என்று கேட்டார். மறைக்காமல் சொல்லிவிட்டேன். ஐஸ், மீன் பெட்டி, எல்லாம். அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த முறை முழுசாக வந்தது.

"வே, நான் நாப்பது வருசமா கல்யாணத்துக்கு ஆக்குகேன். எங்க தொழில்ல ஐஸ் பெட்டியே கிடையாது. ஆக்கினது அப்பமே எலையில விழணும். சூடு ஆறிச்சுன்னா சம்பந்தக்காரன் எழும்பிப் போயிருவான். நீரு என்னடான்னா எனக்க ரத்தத்தை அயிலை மீனுக்குச் சமமா வச்சிருக்கீரு."

"மன்னிக்கணும் அண்ணாச்சி."

"மன்னிச்சேன். ஆனா என் வீட்டுக்காரிகிட்டச் சொல்லாதேயும். சைவக்காரி. ரத்தத்தை மீன் பெட்டியில வச்சது தெரிஞ்சா என்னை வீட்டுக்குள்ள ஏத்த மாட்டா."

பெட்டியை வாங்கினார்கள். லேப்புக்கும் ஜெனரேட்டரில் ஒரு லைன் இழுத்தார்கள், சென்ட்ரிஃப்யூஜும் எலக்ட்ரோலைட் மிஷினும் மட்டும் ஓடுகிற அளவுக்கு. அதன் பிறகு ரத்தம் வந்ததும் சுழற்றி ஓட்டினேன். பெட்டிக்கும் எனக்கும் புள்ளி இரண்டு, புள்ளி மூன்றுதான் வித்தியாசம். உறையும்போது சீரத்தில் கொஞ்சம் ஏறும், அது வழக்கம்தான் என்று டாக்டர் சொன்னார். அந்த அளவு வித்தியாசத்தோடு நாங்கள் இருவரும் நான் ஓய்வு பெறும்வரை ஒன்றாக வேலை பார்த்தோம். டிபன் பாக்ஸ் என்று கூப்பிடுவதை மட்டும் நான் நிறுத்தவில்லை.

ஷைனி, உன் கேள்விக்கு வருகிறேன். எதை நம்புவது? அவசரத்தில் கையில் இருப்பதைப் பார். அதற்கும் லேப்புக்கும் ஒத்துவரவில்லை என்றால் எந்த மிஷின் நல்லது என்று சண்டை போடாதே. அந்த ரத்தம் கையை விட்டு மிஷினுக்குப் போகும் வழியில் எங்கே கிடந்தது, எவ்வளவு நேரம் கிடந்தது, யார் அக்கறையாக என்ன செய்தார்கள் என்று கேள். அலட்சியக்காரனை விட அக்கறைக்காரனைக் கூடுதல் கேள். அதற்கும் முன்னால் நோயாளியைத் தலை தூக்கச் சொல்.

இன்னொன்று இருக்கிறது. இதை அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை, காலைப் பூசை முடிந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். அன்று வெளிநோயாளி இல்லை, ஞாயிறு என்பதால் கரண்ட் இருந்தது. லேப்பில் நான் மட்டும். டாக்டர் சொன்ன குட்டிப் பம்பு எனக்குப் புரிந்தது, ஆனால் கை நம்பவில்லை. இரண்டு வருடம் ஐஸ் உடைத்த கை அது. சட்டைக் கையை மடக்கி, ரப்பர் பட்டையின் ஒரு நுனியைப் பல்லில் கடித்து இழுத்துக் கட்டி, வலது கையால் இடது கையில் குத்தினேன். இரண்டு டியூப். ஒன்றை அப்போதே ஓட்டினேன். நாலு ஒன்று. மற்றதை அந்தத் தெர்மாக்கோல் பெட்டியில், கீழே ஒரு அடுக்கு, மேலே ஒரு அடுக்கு, முறைப்படி வைத்தேன். அம்மா கட்டிக் கொடுத்த சோற்றைத் தின்றேன். மிஷின்களைத் துடைத்தேன். ஐந்து மணி நேரம் கழித்து எடுத்து ஓட்டினேன். ஐந்து இரண்டு. சீரம் நல்ல மஞ்சள்.

நோட்டில் கடைசியாக ஒரு வரி காலியாக இருந்தது. நோயாளியின் பெயர் என்ற கட்டத்தில் லாரன்ஸ் என்று எழுதினேன். எடுத்த நேரத்தை எழுதினேன், ஓட்டிய நேரத்துக்குக் கட்டம் இல்லாததால் அதன் கீழே சின்னதாக அதையும் எழுதினேன். வித்தியாசம், ஒன்று புள்ளி ஒன்று. குறிப்பு என்ற கட்டம் பதினைந்து நாளும் காலியாகவே கிடந்தது. அதில் சிவப்பு மையால் 'ஐஸ்' என்று எழுதி, நோட்டை மூடினேன்.